டொரொண்டோ வரை நிற்கலாமா?

விமான டிக்கெட் விற்கிற கடையில் எந்த ஊரிலிருந்து போன் வந்தாலும், யார் பேசினாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மணி நேரம்?" எந்தத் தேதி, எந்த விமானம், ஜன்னல் சீட் கிடைக்குமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பஸ் கவுண்டர், ரயில் கவுண்டர், ஆஸ்பத்திரி ரிசப்ஷன் என்று எங்காவது ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தாடை வலித்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் வள்ளி. பிளஸ் டூ முடித்த கையோடு கொச்சி மட்டாஞ்சேரியில் ஹம்ஸா இக்காவின் டிராவல்ஸில் சேர்ந்தேன். கடையில் மொத்தம் மூன்று பேர். முதலாளி இக்கா, டிக்கெட் போடுகிற ஜெஸி சேச்சி, போன் எடுக்கிற நான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் குரலைக் கேட்டாலும் அடுத்த நிமிடம் அது என் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்கூலில் ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் அரை நாள் லீவு விட்டவள் நான். பாதிப் பிள்ளைகள் கேட்டைத் தாண்டிய பிறகுதான் லீவு விட்ட விஷயம் ஹெட்மாஸ்டருக்கே தெரிந்தது. இதெல்லாம் தெரிந்துதான் இக்கா வேலை கொடுத்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: "போன்ல உன் சொந்தக் குரல் மட்டும் மதி, அது போதும், கேட்டோ?"

ஒன்பதை அழுத்தவும்

அந்த நிபந்தனை முதல் நாள் சாயா வருகிற வரைக்கும்கூடத் தாங்கவில்லை. இக்கா தொழப் போயிருந்தார். ஜெஸி சேச்சி சோற்றுப் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். போன் அடித்தது. எடுத்தேன். வாய் தன்னால் திறந்தது. கம்ப்யூட்டர் பெண் குரல்: "வணக்கம். மலையாளத்துக்கு ஒன்றை அழுத்தவும். தமிழுக்கு இரண்டை அழுத்தவும். எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்பவர்கள் ஒன்பதை அழுத்தவும்." அந்தப் பக்கம் 'பீப்' என்று ஒன்பது விழுந்தது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஷார்ஜாவுக்கு ஒன்று. தோஹாவுக்கு இரண்டு..." பீப். "நீங்கள் ஷார்ஜாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம். விமானத்தில் சும்மா தூங்குபவர் ஒன்றை அழுத்தவும். குறட்டை விட்டுத் தூங்குபவர் இரண்டை அழுத்தவும்." பிறகு, ரொம்பத் தயங்கி, இரண்டு விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றார். பஜாரில் இஞ்சி மண்டியில் வேலை பார்க்கிற குஞ்ஞுமோன் சேட்டன். என் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சு போச்சு மோளே, இனி மனுஷியாட்டம் பேசு. ஆனா ஒண்ணு கேக்கட்டா, நான் குறட்டை விடுறது உனக்கு எப்படித் தெரியும்?"

மேப்பைத் தைத்தவன்

எங்கள் கடைச் சுவரில் ஒரு பெரிய உலக மேப் தொங்குகிறது. பக்கத்துக் கடை டெய்லர் ஆண்டனி சேட்டனுக்கு அதன்மேல் ஒரு கோபம். அவர் மகன் ஜோபி டொரொண்டோவில் படிக்கிறான். போகும்போது சீட்டுக்கு முன்னால் இருக்கிற சின்னத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். அதில் விமானம் மேப்பின் மேல் பக்கம், வெள்ளை வெள்ளையாகப் பனி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. சேட்டன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மேப்பில் வளைகுடாவிலிருந்து டொரொண்டோ வரைக்கும் நேராக இழுத்துப் பிடித்தார். "பாரு, நேரா இப்படிப் போனா போதாதா? எதுக்கு ஐஸ் மேல ஏறிச் சுத்திப் போறான்? எண்ணெய் இவன் அப்பன் வீட்டுதா?"

நான் விடுவேனா? எதிரே பழக்கடைக்கு ஓடி ஒரு பெரிய பம்பளிமாஸ் வாங்கி வந்தேன். இந்தப் பக்கம் கொச்சிக்கு ஒரு குண்டூசி, அந்தப் பக்கம் டொரொண்டோவுக்கு ஒரு குண்டூசி. அவருடைய டேப்பையே வாங்கி இரண்டுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தேன். டேப் தன்பாட்டில் வழுக்கி மேலே, காம்புப் பக்கம் ஏறியது. "கீழே இழுங்க சேட்டா," என்றேன். இழுத்தார். டேப் போதவில்லை. இன்னும் கொஞ்சம் விட வேண்டியிருந்தது. மறுபடி மேலே விட்டார், மிச்சமானது. கொச்சிக்கும் டொரொண்டோவுக்கும் நடுவே, குறுக்கு வழியில் போனாலே பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் போகிற விமானமும் கிடையாது, வளைகுடாவில் இறங்கி மாறித்தான் போக வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் காதில் எதுவும் ஏறவில்லை. பழத்தையும் மேப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உருண்டையான ஆளுக்கு எவனோ தட்டையா சட்டை தைச்சிருக்கான். அவனைக் கூப்பிடு, நான் பேசணும்."

மூன்றாவது டிக்கெட்

இனி நான் சொல்லப் போவது முருகேசன் அண்ணாச்சியின் கதை. தென்காசிக்காரர். சுள்ளிக்கல்லில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அவர் மனைவி கனகம் அக்கா முன்பு தேவராவில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பம் டொரொண்டோவுக்குப் போனபோது, அந்த அம்மா கனகம் இல்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால், முறைப்படி எல்லாம் செய்து அக்காவையும் அழைத்துப் போனார்கள். போய் ஆறு வருஷம். இப்போது அண்ணாச்சிக்கும் விசா வந்துவிட்டது. இரண்டு தடவை டிக்கெட் போட்டார். இரண்டு தடவையும் கிளம்புகிற நாளுக்கு முன்னால் வந்து ரத்து செய்தார். முதல் தடவை ஹோட்டலில் ஆள் இல்லை என்றார். இரண்டாம் தடவை வயிறு சரியில்லை என்றார். விசாவுக்கு ஒரு கெடு உண்டு. அது நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவையாக அவர் டிக்கெட் போட வந்த அன்றுதான் நான் அவரை முதன்முதலில் பார்த்தேன். நல்ல வாட்டசாட்டமான ஆள், மாவு பிசைந்த கை, சிரித்த முகம். டிக்கெட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பைக்கு மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் ஹம்ஸா இக்கா தலையில் கை வைத்தார்: "எழுதி வெச்சுக்கோ வள்ளி. இந்த ஆளு மூணாவது தடவையும் கேன்சல்னு வந்தா, நான் கடையப் பூட்டிட்டு இவர்கிட்ட பரோட்டா அடிக்கப் போவேன்."

இரிக்கடா, முருகேசா

எனக்கு அவரை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. என்ன காரணமென்று கேட்டால் தெரியாது. சிலருக்குப் பூட்டைப் பார்த்தால் திறக்கத் தோன்றும், அது மாதிரி. அடுத்த வாரம் அவர் பாஸ்போர்ட் நகல் கொடுக்க வந்தபோது கவனித்தேன். கவுண்டருக்கு முன்னால் மூன்று நாற்காலி காலியாகக் கிடக்கிறது. மனிதர் நிற்கிறார். ஜெஸி சேச்சி இரண்டு தடவை உட்காரச் சொன்னாள். "இருக்கட்டும் தாயி," என்றார். எனக்குள் இருந்த குரங்கு விழித்துக்கொண்டது. தடுப்புக்குப் பின்னால் போய் இக்காவின் குரலில் ஒரு சத்தம் போட்டேன்: "முருகேசா! இரிக்கடா அங்கே!"

பொத்தென்று உட்கார்ந்தார். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். முதலில் கால் ஆட ஆரம்பித்தது. பிறகு கை தொடைமேல் மாவு உருட்ட ஆரம்பித்தது. நெற்றியில் வியர்வை. பிரிண்டரில் ஒரு தாள் வெளியே வருவதற்குள் எழுந்து வாசலுக்கே போய்விட்டார். சிரித்துக்கொண்டு வெளியே வந்த நான் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினேன். தண்ணீர் கொடுத்தேன். மெதுவாகச் சொன்னார். சின்ன வயதிலிருந்து பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்ற ஆள். சாப்பிடுவது நின்றபடி. தென்காசி பஸ்ஸில் சீட் கிடைத்தால் யாருக்காவது கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நெஞ்சு அடைக்குமாம், கால் தன்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிடுமாம். கல்யாணத்தில் மணவறையில் உட்கார்ந்ததுதான் வாழ்க்கையிலேயே அதிக நேரமாம், அன்றும் ஐயர் பாதி மந்திரத்தை முழுங்கினாராம், இவர் எழுந்துவிடுவாரோ என்ற பயத்தில். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "வானத்துல பறக்கதுக்கு எனக்கு ஒரு பயமும் இல்லட்டி. உக்காரதுக்குத்தான் பயம்."

பேர் சொல்கிற இடம்

ஒருநாள் சாயங்காலம் கடை போனில் கனகம் அக்காவே வந்தாள். அண்ணாச்சி அவள் போனை எடுப்பதில்லையாம். எடுத்தாலும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாராம். "உண்மையச் சொல்லு பிள்ள, டிக்கெட் போட்டாரா, இல்ல எனக்காகப் பொய் சொல்லுதாரா?" போட்டிருக்கிறார் என்றேன். "இந்தத் தடவையும் வரலைன்னா இனி நான் கூப்பிட மாட்டேன். அவருக்கு என்னைப் பாக்கவே பிடிக்கலன்னு நெனச்சிக்கிடுதேன். அப்படியே விட்டுருதேன்," என்றாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். அதுதான் எனக்குத் திக்கென்றது.

அப்படியெல்லாம் இல்லை, அவருக்கு உட்காரத்தான் பயம் என்று விவரமாகச் சொன்னேன். நம்பவில்லை. அவர் எப்படி எப்படிச் சொன்னார் என்பதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். மணவறைக் கதை வந்ததும் சிரித்துவிட்டாள். "ஆமா, ஐயரை முறைச்சிக்கிட்டேதான் இருந்தாரு." எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஏ கனகம், கல்லு சூடாயிட்டு, அப்புறம் பேசுதேன்ட்டி," என்று அவர் மாதிரியே ஒரு போடு போட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அக்கா ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்: "இன்னொரு தடவ அவர மாதிரி சொல்லு பிள்ள. எல்லாம் வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுத எடம் மட்டும்."

கடல் மட்டத்திலிருந்து மூன்றடி

அண்ணாச்சியை உட்காரப் பழக்குகிற பயிற்சி மறுநாளே தொடங்கிவிட்டது. முதல் பாடம் டவுன் பஸ். மட்டாஞ்சேரியில் ஏறி தோப்பும்படி, தேவரா வழியாக வைட்டிலா வரைக்கும், உட்கார்ந்தே. துணைக்கு நானும் என் அம்மாவும். அண்ணாச்சியை ஜன்னலோரம் தள்ளி, எழுந்திருக்க முடியாதபடி அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா நகரசபையில் தெரு கூட்டுகிறவள். அவளை மீறி அந்தத் தெருவில் நாய்கூட ஓடாது. பஸ் கிளம்பியதும் நான் பைலட் ஆனேன். "வணக்கம், உங்கள் விமானி பேசுகிறேன். நாம் இப்போது கடல் மட்டத்திலிருந்து மூன்றடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறோம். வெளியே நல்ல வெயில். இடது பக்கம் காயல், வலது பக்கமும் காயல். சாலையில் குழி இருப்பதால் விமானம் சற்றுக் குலுங்கலாம்." பிறகு பணிப்பெண் குரல், அழுகிற குழந்தையின் குரல், பின்சீட்டில் சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டி குரல்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி முன்சீட்டுக் கம்பியைப் பிழிந்துவிடுகிற மாதிரிப் பிடித்திருந்தார். ஆனால் உட்கார்ந்திருந்தார். பாலம் ஏறும்போது எழப் பார்த்தார். "சீட் பெல்ட் விளக்கு எரியுது அண்ணாச்சி!" என்று ஒரு அதட்டல். உட்கார்ந்தார். பணப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் சேட்டன் என் பக்கத்தில் குனிந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "கேப்டன், தேவரா ஸ்டாப் வருது. நீங்க நிறுத்துறீங்களா, இல்ல பாராசூட் கொடுத்து ரெண்டு பேரத் தள்ளிவிடட்டா?"

அந்த மணி நேரம் எங்கே?

அதற்குப் பிறகு அண்ணாச்சியைப் பிடிக்க முடியவில்லை. வைட்டிலாவிலிருந்து ஆலப்புழை. அப்புறம் திருவனந்தபுரம். கடைசியில், யாரும் சொல்லாமலே, வைட்டிலாவில் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார். போய் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, நேராகக் கடைக்கு வந்தார். கண் சிவந்து, தலை கலைந்து, முகத்தில் மட்டும் ஒரு ராஜ களை. "பதினோரு மணி நேரம்! ரெண்டு தடவ! சாயா குடிக்கக்கூட எறங்கல. டொரொண்டோ முடிஞ்சிட்டு!" எனக்குப் புரியவில்லை. அவர் டிக்கெட்டை விரித்து விரலை வைத்தார். கொச்சியில் காலை பத்து மணிக்குக் கிளம்புகிறது, டொரொண்டோவில் அன்றே இரவு ஒன்பதுக்கு இறங்குகிறது. பத்திலிருந்து ஒன்பது, பதினொன்று. ஜெஸி சேச்சி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். சொல்லாதே என்று அர்த்தம். சொல்லாவிட்டால் மனிதர் சந்தோஷமாக ஏறிவிடுவார். ஏறிவிட்டால் அப்புறம் எங்கே இறங்க முடியும்?

ஆனால் வளைகுடாவைத் தாண்டி, பதினொன்றாவது மணி நேரம் முடிந்து, இறங்கலாம் என்று இவர் எழுந்து நின்று, ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகத்தைப் பார்க்கிற முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆளை ஏமாற்றிச் சிரிக்கலாம், ஏமாற்றி ஏற்றி அனுப்பக் கூடாது. சொல்லிவிட்டேன். டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். நமக்கு விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் அவர்களுக்கு விடியும். அவர்கள் கடிகாரம் பின்னால் நிற்கிறது. நிஜத்தில் இருபது மணி நேரத்துக்கும் மேல். அண்ணாச்சி டிக்கெட்டை மடித்தார். "பதினோரு மணி நேரம் கட்டிப்போட்டா தாங்குவேன். இருவது மணி நேரம் கட்டிப்போட்டா செத்துருவேன் தாயி. ரத்து பண்ணிரு." வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, கடைச் சுவரில் ஊருக்கு ஒன்றாக மாட்டியிருக்கிற நாலு கடிகாரத்தையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்: "பெங்களூருக்குப் போயிட்டு வந்த பஸ்ஸு ஒரு நிமிசத்தக்கூட ஒளிச்சு வைக்கல. உங்க பிளேன்ல மட்டும் பாக்கி நேரத்த யாருட்டி தின்னது?"

நீ பேசின குரல்தானே?

ஜெஸி சேச்சி கேன்சல் பட்டனுக்கு விரலைக் கொண்டு போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்குக் காலை வரைக்கும் பொறுங்க சேச்சி." ஒரு வார்த்தை என் மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டிப்போட்டா. அப்போதுதான் உறைத்தது. ஏறின நிமிடத்திலிருந்து இறங்குகிற வரைக்கும் பெல்ட்டைக் கழற்றவே விடமாட்டார்கள் என்று மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார்! பஸ்ஸில் 'சீட் பெல்ட் விளக்கு எரியுது' என்று அதட்டிய பைலட் அது எப்போது அணையும் என்று சொல்லவில்லை. அந்தப் பைலட்டும்தான் விமானத்தில் ஏறியதே இல்லையே! உடனே டெய்லர் ஆண்டனி சேட்டன் கடைக்கு ஓடி, ஜோபியிடம் கேட்கச் சொன்னேன். அவன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: விமானம் மேலே போய் விளக்கு அணைந்ததும் எழுந்து நடக்கலாம், பாதிப் பேர் அப்படித்தான், அவனே பின்பக்கம் ரொம்ப நேரம் நின்றுகொண்டு போனான். அதை என் போனில் வாங்கிக்கொண்டு சுள்ளிக்கல்லுக்குப் பறந்தேன். அண்ணாச்சி கல்லுக்கு முன்னால் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிடப் பலமாக. மெசேஜைப் போட்டேன். முழுக்கக் கேட்டார். "நல்லா இருக்கு. இதுவும் நீ பேசுன கொரல்தானே?"

சத்தியம் செய்தேன். சிரித்தார். அம்மாமேல் சத்தியம் என்றேன். "உங்கம்மா கொரல்லயும்தான் நீ பேசுவ," என்றார். கேஷியர், சப்ளையர், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே ஒரு உண்மையைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறேன், வாங்க ஆள் இல்லை. அழுகை வந்தது. அழுதால் அதையும் மிமிக்ரி என்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன். திரும்பி ஓடினேன். ஆண்டனி சேட்டனைத் தையல் மிஷினிலிருந்து கிளப்பி, கழுத்தில் டேப்போடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். வீடியோ கால். அங்கே காலை நேரம், பல் விளக்கிக்கொண்டே வந்தான் ஜோபி. நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு எல்லாரும் பார்க்கிற மாதிரி நின்றேன். ஜோபி சொன்னான்: "எழுந்திருக்கலாம் சேட்டா. விளக்கு எரியும்போது மட்டும் உட்காரணும். கடைசி வரிசைக்குப் பின்னாடி கிச்சன் இருக்கு, நானெல்லாம் அங்கதான் நின்னேன்." அண்ணாச்சியின் கையில் மாவு அப்படியே தொங்கியது. போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டு போனார். "கிச்சனா? பிளேனுக்குள்ளயா?" ஆமாம் என்று ஜோபி தலையாட்டினான். அண்ணாச்சி மாவைக் கல்லில் அறைந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "கூறுகெட்டவளே, பைலட்டு மாதிரிப் பேசின, புள்ள மாதிரி அழுத, கிச்சன் இருக்குங்கத மட்டும் ஏன்ட்டி சொல்லல?"

வரிசை

கிளம்புகிற அன்று நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கு இக்காவே காரோட்டினார். அண்ணாச்சி நழுவிவிடாமல் இருக்க நானும் போனேன். வாசலில் பாஸ்போர்ட் பார்க்க ஒரு வரிசை. அண்ணாச்சி போய் நின்றார். உள்ளே பெட்டி போட ஒரு வரிசை தெரிந்தது. அதற்கு அப்பால் இன்னொரு வரிசை வளைந்து வளைந்து போனது. எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றி நிற்கிறார்கள். இவர் ஒருவர் மட்டும் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவர் உள்ளே போனதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கையைக் காட்டினேன். போன் செய்தார். பயந்துவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"என்ன அண்ணாச்சி, ஏறிருவீங்கல்ல?" என்று கேட்டேன், என் சொந்தக் குரலில். உள்ளேயிருந்து அவர் எனக்கு முதுகைக் காட்டி, முன்னால் நீண்டு கிடக்கிற வரிசையைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏ பிள்ள, இம்புட்டு நேரம் நிக்க விடுவாங்கன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ போயிருப்பேம்லா!"

கனகம் அக்காவின் கணக்கு

அன்று கடையில் வேலையே நடக்கவில்லை. இக்கா கம்ப்யூட்டரில் விமானம் போகிற படத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். வளைகுடாவில் இறங்கிய நேரத்தில் மூன்று பேரும் போனையே பார்த்தோம். "இங்கே இறக்கி விடு" என்று ஒரு போன் வரும் என்று பயம். வரவில்லை. இரண்டாவது விமானம் கிளம்பியது. ஆண்டனி சேட்டன் அடிக்கடி வந்து, அது மேப்பில் மேலே ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, ஏறுகிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகப் போனார். யாரோ துபாய்க்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு வந்தார். "இப்போ முடியாது, நாங்க டொரொண்டோ போய்க்கிட்டிருக்கோம்," என்று ஜெஸி சேச்சி சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்தேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம், ஒரு ஆண் குரல் எதையோ குறை சொல்லுகிற சத்தம், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு கனகம் அக்கா. விமானத்தில் பாதி வழி பின்பக்கம் நின்றே வந்தாராம். அங்கே கிச்சனில் இருந்த பணிப்பெண்களிடம் ரொட்டி ஆறிவிட்டது, இப்படிச் சூடு பண்ணக் கூடாது என்று சைகையிலேயே பாடம் எடுத்தாராம். அவர்கள் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அண்ணாச்சி கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னாள்: "ஊரு ஒலகமெல்லாம் ஒரு நாள்ல வந்து சேருத எடத்துக்கு இந்த மனுஷன் ஆறு வருஷம் எடுத்துக்கிட்டு வந்திருக்காரு பிள்ள. வந்த கால் செருப்பக் கழட்டல, அதுக்குள்ள என் அடுப்பு சரியில்லைங்காரு!"

அதனால் டொரொண்டோவுக்கு எத்தனை மணி நேரம் என்று இப்போது யார் வந்து கேட்டாலும், போகிறது யார் என்று நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.